துளசியைச் சத்தியம் பண்ணச் சொன்ன புனிதா

ஈப்போவில் புந்தோங் பக்கம் யாரைக் கேட்டாலும் புனிதாவைப் பற்றி முதலில் சொல்வது ஒன்றுதான்: இருக்கிற இடம் தெரியாத பொம்பளை. கோயிலில் அன்னதானத்துக்கு வரிசை நின்றால், பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுவிட்டு இவள் கடைசிக்குப் போய்விடுவாள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். புருஷன் தேவன், தாப்பாவுக்கு பஸ் ஓட்டுகிறவன், "இவ சண்டை போடணும்னா மொதல்ல என்னைக் கூட்டிட்டு வந்து ஆரம்பிச்சு வைக்கச் சொல்லுவா" என்று கேலி பண்ணுவான்.

அப்படிப்பட்டவள்தான் போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, முதலாளியின் மேசை மேல் பித்தளைத் தட்டை வைத்து, சூடத்தைக் கொளுத்தி, "ஆளுன்னா சத்தியம் பண்ணட்டும்" என்றாள். அந்த அறையில் அப்போது இருந்தது நாலு பேரா, ஐந்து பேரா என்பதுதான் அன்றைக்கு வழக்கே.

புனிதா பிறந்தது கோலா கங்சார் போகிற வழியில், ஏழாங்கட்டைத் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் பால்மரமும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை. பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். முனியாண்டி கோயில் மட்டும் இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவில் தகரக் கூரையோடு நிற்கிறது. தோட்டம் போனதற்காக அவள் ஒருநாளும் கண்ணீர் விட்டதில்லை. கொசுக்கடியும் கணக்குப்பிள்ளை கிராணியின் வசவும் ஒழிந்ததே என்றுதான் சொல்வாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த கையோடு தாயாருடன் பால்வெட்டப் போனவள் அவள்.

அந்த நாளில் ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆளெண்ணுகிற இடத்துக்கு, எல்லாரும் போய் வரிசையாக நிற்கவேண்டும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எண் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மா எண்பத்து நாலு. அம்மா செத்து அடக்கம் பண்ணிய மறுநாள் காலையிலும் அவர் எண்பத்து நாலைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. "வேலைக்கு வரல" என்று எழுதிக்கொண்டு எண்பத்தைந்துக்குப் போய்விட்டார். புனிதா அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் போனதை நினைத்து அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் மனசுக்குள்ளேயே புழுங்கினாள்.

ஈப்போவுக்கு வெளியே தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் உள்ள முதியோர் இல்லத்தில் அவள் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. முதலாளி லியோனார்ட், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருடைய மகன். நல்ல மனுஷர்தான், ஆனால் தொல்லை என்று வந்தால் அது சீக்கிரம் முடிந்தால் போதும் என்பார். மேலாளர் விவியன், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். இருபத்திரண்டு முதியவர்கள். அதில் பாதிப்பேர் நம் ஆட்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இல்லத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. இடுப்பு உயரம், வெள்ளை நிறம், அடியில் சக்கரம், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடித் திரை. மலாய் பேசும், சீனம் பேசும், தமிழ் என்றால் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசும். முதியவர்களோடு பேச்சுக் கொடுப்பது, யார் மாத்திரை சாப்பிட்டார், யார் தூங்கவில்லை என்று அறிக்கை எழுதுவது அதன் வேலை. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பழனியப்பன்தான் அதற்கு துளசி என்று பெயர் வைத்தார்.

லியோனார்டுக்கு அதன்மேல் கொள்ளைப் பெருமை. வாசலில் ஊழியர்களின் படங்களை மாட்டியிருக்கும் பலகையில் துளசிக்கும் ஒரு படம், ஒரு அட்டை. காலை ஏழு மணிக்கு விவியன் பெயர் கூப்பிடும்போது துளசியையும் கூப்பிடுவாள். "ஹாடிர், மேடம்", அதாவது வந்திருக்கிறேன், என்று அது பதில் சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். புனிதா வேறொரு குத்தகைக்காரர் மூலமாக வந்தவள் என்பதால் அவள் பெயர் அந்தத் தாளில் கிடையாது. விவியன் கடைசியில் தலையை நிமிர்த்திப் பார்த்து, "கிளீனர், ஒரு ஆள்" என்று குறித்துக்கொள்வாள். ஒன்பது வருஷமும் அப்படித்தான்.

இதற்காகத் துளசிமேல் புனிதாவுக்குப் பொறாமை என்று நினைத்தால் அது தப்பு. தரை துடைக்கும்போது "நகருடி" என்பாள், அது "மன்னிக்கவும் அக்கா" என்று நகரும். ஒருநாள் அது, "உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?" என்று கேட்டது. முந்தின வாரம் படியில் ஏறும்போது அவள் அப்பா முருகா என்று முனகியது அதற்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தேவன்கூடக் கேட்காத கேள்வி. அன்றைக்கு அவள் அதன் திரையைத் துணியால் இரண்டு தடவை துடைத்துவிட்டாள்.

ஆனால் அதனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்ததையும் அவள் கவனித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை பழனியப்பன் விரதம். முன்னால் வைத்த தோசையைத் தொடவே இல்லை. ஆனால் துளசி, "பழனியப்பன் ஐயா பசியாறிவிட்டார்" என்று விவியனிடம் சொன்னது. தட்டு அப்படியே இருந்ததைப் பார்த்த புனிதா அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

பழனியப்பனுக்கு எண்பத்திரண்டு வயது. ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. தினமும் பொழுது சாய்ந்தால், "கோலா கங்சார் வண்டிக்கு நேரமாச்சு, கொடி காட்டணும்" என்று வாசல் பக்கம் நடப்பார். அதனால் முன்கதவுக்கு எண் போட்டுத் திறக்கும் பூட்டு வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே எண்தான்.

வரவேற்பறை மூலையில் ஒரு சின்ன முருகர் படமும் ஒரு விளக்கும் உண்டு. லியோனார்ட் வேதக்காரராக இருந்தாலும் அதற்குத் தடை சொன்னதில்லை. தினமும் மாலை ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது புனிதா அந்த விளக்கை ஏற்றுவாள். விளக்கேற்றும்போது வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், லட்சுமி உள்ளே வருகிற நேரம் அது என்பது நம் வீடுகளில் எல்லாரும் செய்கிற வழக்கம். எனவே கதவைத் திறந்து, விளக்கேற்றி, வாசலிலேயே நின்று கும்பிட்டு, இரண்டு நிமிஷத்தில் கதவைச் சாத்திப் பூட்டுவாள். அந்த இரண்டு நிமிஷமும் நிலைப்படியை விட்டு நகரமாட்டாள்.

சூடம் கொளுத்திய அந்த வாரம் புதன்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அவள் முன்பக்கமே வரவில்லை. பின் அறையில் கத்தரின் அம்மா படுக்கையில் வயிற்றுப்போக்காகிக் கிடந்தார். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர். அவரைக் கழுவி, துணி மாற்றி, மெத்தையைத் திருப்பிப் போட்டு நிமிர்வதற்குள் ஏழு பத்து. அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது. பழனியப்பன் திறந்து கிடந்த கதவு வழியாக வெளியே போய், சாலையோர லோங்காங்கில், அந்தக் கால்வாய்க்குள் விழுந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் விவியன் மலாயில் அடித்த ஒரு சூராட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கவனக்குறைவால் கதவைத் திறந்து போட்டேன், என் இஷ்டத்தில் வேலையை விட்டு நிற்கிறேன் என்று அந்தக் கடிதம் சொன்னது. நான் அந்தப் பக்கமே வரவில்லை என்று புனிதா சொல்லிப் பார்த்தாள். துளசியின் அறிக்கையை விவியன் காட்டினாள். மாலை 6.55, புனிதா முன்கதவைத் திறந்தார். 7.03, பழனியப்பன் ஐயா வரவேற்பறையில் இல்லை. கத்தரின் அம்மாவைக் கேளுங்கள் என்று புனிதா கெஞ்சினாள். பேச்சில்லாதவரை எப்படிக் கேட்பது என்றார்கள். லியோனார்ட் அன்பாகத்தான் சொன்னார்: கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, பெரிசாக்காமல் முடிச்சிடலாம், வேற இடத்தில நானே சொல்லிவிடுகிறேன். புனிதா பேனாவை எடுத்தாள். அம்மாவின் எண்பத்து நாலு ஞாபகத்துக்கு வந்து கை நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பழனியப்பனின் மகன் கனகராஜும் சனிக்கிழமைதான் நேரில் பேச வருவதாக இருந்தது.

வீட்டில் தேவன், போட்டுத் தொலை, வேலையா இல்லை ஈப்போவில் என்றான்.

"வேலைக்கா அழுவுறேன்? அந்த மனுஷன் இடுப்பை ஒடச்சவன்னு எழுதி அதுக்குக் கீழ என் பேரப் போட்டுட்டு, அப்புறம் எந்தச் சாமி முன்னால போயி நிப்பேன்?"

தேவன் அவளைச் சிரிக்க வைக்கலாமென்று நினைத்து, கல்லுக்குள்ள உசுரு இருக்குன்னு கும்பிடுறவ, மெஷினுக்கு மட்டும் இல்லேன்னு சொல்றியே என்று சீண்டினான்.

"கல்லு என் மேல அறிக்கை எழுதலையே" என்றாள் புனிதா. சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு. அவள் தனியாக பஸ் ஏறி ஏழாங்கட்டை முனியாண்டியிடம் போனாள். ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பொட்டலம் சூடமும். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் தோட்டத்தில் வழக்குத் தீர்த்த விதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கோழி காணோம், துணி காணோம், யார் எடுத்தது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கத்து ஆளும் இதே இடத்துக்கு வரவேண்டும். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். பொய்ச் சத்தியம் பண்ண யாருக்கும் கை வராது. கை வராதவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முனியாண்டிக்கும் வேலை மிச்சம்.

அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது தொடாமல் கிடந்த அந்தத் தோசை கண்முன்னால் வந்தது. பழனியப்பன் ஐயா பசியாறிவிட்டார். அவள் மீதிச் சூடத்தைப் பொட்டலத்தோடு முடிந்து பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லியோனார்டின் அறையில் லியோனார்ட், விவியன், கனகராஜ், புனிதா. மேசைக்குப் பக்கத்தில் துளசி. கனகராஜ் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் தூங்காமல் கண் சிவந்திருந்தான். யாரையும் போலீஸுக்கு இழுக்க வரவில்லை, என் அப்பா எப்படி வெளியே போனார் என்று தெரிந்தால் போதும் என்றான். லியோனார்ட் அறிக்கையை வாசித்தார். புனிதா தான் திறக்கவில்லை என்று மறுபடியும் சொன்னாள்.

"புனிதா, துளசிக்குப் பொய் சொல்லத் தெரியாதுலா" என்றார் லியோனார்ட்.

"துளசி யாரு சார்?"

இது என்ன கேள்வி என்கிற மாதிரி அவர் பார்த்தார். "நம்ம ஸ்டாஃப்."

"ஸ்டாஃப்னா? ஆளா?"

அவர் கனகராஜைப் பார்த்துச் சிரித்தார். "சரி, ஆளுன்னே வெச்சுக்கயேன்."

"அப்படி வெச்சுக்கிட்டா எங்க சனத்துல ஒரு முறை இருக்கு சார். ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொன்னா ரெண்டு பேரும் சூடம் அடிக்கணும். நான் அடிக்கிறேன். ஆளுன்னா அதுவும் சத்தியம் பண்ணட்டும். ஆளில்லேன்னா அது சொன்னதை வெச்சு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீங்க."

அவள் விளக்கு மூலையிலிருந்து பித்தளைத் தட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். விவியன் புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்று எழுந்தாள். லியோனார்ட், இது ஆபீஸ் புனிதா, கோயில் இல்லை என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. கனகராஜ்தான் குறுக்கிட்டான். அடிக்கட்டும் சார், அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்றான்.

புனிதா தீக்குச்சியைக் கிழித்தாள். சூடம் பற்றிக்கொண்டது. "முனியாண்டி சத்தியமா, புதன்கிழமை பொழுது சாயிற நேரம் நான் முன்கதவைத் தொடல. தொட்டிருந்தா இந்தக் கை விளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சுடர் அணைந்தது. உள்ளங்கையில் கருப்பாக ஒரு வட்டம்.

இன்னொரு கட்டியை வைத்துக் கொளுத்தினாள். தட்டைத் துளசியின் பக்கம் நகர்த்தினாள். அதற்குக் கை எங்கே இருக்கிறது என்று விவியன் முணுமுணுத்தாள். கை இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதே என்றாள் புனிதா.

"துளசி. அன்னிக்கு நான் கதவைத் தொறந்ததை நீ கண்ணால பாத்தியா?"

திரையில் இருந்த இரண்டு புள்ளிக் கண்களும் அவள் பக்கம் திரும்பின.

"இல்லை, அக்கா. நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் உள்ளே சார்ஜில் இருந்தேன்."

லியோனார்ட் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"பாக்காம எப்படி என் பேரை எழுதினே?"

"கதவு திறந்ததாகப் பூட்டிலிருந்து தகவல் வந்தது. யார் திறந்தது என்று எழுத அறிக்கையில் ஓர் இடம் இருந்தது. தினமும் அந்த நேரத்தில் திறப்பவர் நீங்கள். ஆகவே உங்கள் பெயரை எழுதினேன். பார்க்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அது என் தவறு."

"பின்ன ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"யார் திறந்தார் என்று கேட்டார்கள். நீ பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. புனிதா அப்போதே முடித்துக்கொண்டிருக்கலாம். அவள் விடவில்லை. இப்போது சொன்னதை, இந்தச் சூடத்தின் முன்னால் சத்தியமாகச் சொல்வாயா என்று கேட்டாள்.

"நான் சத்தியம் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன், அக்கா. நீங்கள் கை வைத்தபோது இழப்பதற்கு உங்களிடம் ஏதோ இருந்தது. என்னிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இருப்பதுபோலக் காட்டிக்கொண்டு சத்தியம் செய்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சத்தியம் இல்லாமலேயே சொல்கிறேன். நான் பார்க்கவில்லை."

இரண்டாவது சூடம் யார் கையும் படாமல் தானே எரிந்து தானே அணைந்தது. புனிதா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இப்படி எத்தனையோ சத்தியம் பார்த்திருக்கிறாள். அடித்தவர்களைப் பார்த்திருக்கிறாள், அடிக்கப் பயந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறாள். அடிக்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை என்று சொன்ன ஒருத்தரை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்படியானால் கதவைத் திறந்தது யார் என்று கனகராஜ் கேட்டான். தான் அன்றைக்கு முழுக்கத் தாப்பாவில் இருந்ததாக லியோனார்ட் அவசரமாகச் சொன்னார். விவியன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சூடமெல்லாம் அடிக்கமாட்டோம் என்றாள், யாரும் அவளைக் கேட்பதற்கு முன்னாலேயே.

"வேணாம் மேடம்" என்றாள் புனிதா. "உங்க மேசை டிராயர்ல பைபிள் இருக்கு. நான்தான் அதைத் தினம் தொடைக்கிறேன். அது மேல கைய வெச்சு நான் தொறக்கலன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

விவியன் போய் அந்தப் பைபிளை எடுத்து வந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். அதன்மேல் கையை விரித்து வைக்கவில்லை. புதன்கிழமை சலவை வண்டி வந்தது என்றாள். கதவைத் திறந்து மூட்டையை வாங்கினேன், அந்த நேரம் போன் வந்தது, கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று நினைத்தேன். அறிக்கையில் புனிதா பெயரைப் பார்த்ததும், நான் சாத்திவிட்டுத்தான் வந்திருப்பேன், அதற்குப் பிறகு அவள் திறந்திருப்பாள் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டு அழுதாள். கனகராஜ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

லியோனார்ட் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. விவியன் செய்தது ஒரு சின்னக் கவனக்குறைவு, யாருக்கும் வரும். பெரிய தப்பு இந்த மெஷினுடையது, இது தப்பாக எழுதாமல் இருந்திருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது, திங்கட்கிழமையே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம், கனகராஜுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்கிற மாதிரி தாள்களை அடுக்கினார்.

இதோடு புனிதா கும்பிட்டுவிட்டு வெளியே போயிருந்தால் அவளுடைய வழக்கு ஜெயித்த கதையாக இருந்திருக்கும். அவள் போகவில்லை. கருப்பு வட்டம் விழுந்த கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அப்படி எழுதாதீங்க சார்."

லியோனார்ட் நிமிர்ந்தார்.

"நேத்து வரைக்கும் அது ஆளு. அது சொன்னா மறுபேச்சு இல்ல. இன்னிக்கு நீங்க தப்பிக்கணும்னதும் அது மெஷினு, தூக்கிப் போட்டுடலாம். கத்தரின் அம்மா வாயில்லாதவங்க, அதனால அவங்க ஆளு கணக்குல வரல. இது நல்லாப் பேசுது, அதனால ஆளு. நான் வேர்வை சிந்துறேன், நான் 'ஒரு கிளீனர்'. உங்களுக்கு எப்ப யாரு தேவையோ அப்ப அவங்க ஆளு. எங்கம்மாவை எண்பத்து நாலுன்னு கூப்பிட்டவரும் இதே கணக்குதான் சார் போட்டாரு."

லியோனார்டுக்கு முகம் சிவந்தது. நீ என்ன, மெஷினுக்கு வக்கீலா என்றார்.

"அதுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. படைச்சவனுக்குத் தெரியும். அதுவும் தனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுது. ஆனா அது செஞ்ச தப்பை அது ஒத்துக்கிச்சு, இந்த ரூம்ல எல்லாருக்கும் முன்னாடி. அது தலையில அதோட தப்பை மட்டும் வைங்க. மேடத்தோடதையும் உங்களோடதையும் அது மேல ஏத்தாதீங்க. ஒரே நம்பரை எல்லாருக்கும் குடுத்தது யாரு? அது எழுதினதை ஒரு வார்த்தை விசாரிக்காம சூராட் அடிச்சது யாரு?"

அவள் பேசி முடித்தபோது மூச்சு வாங்கியது. இவ்வளவு வார்த்தை ஒரே நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே புதிது. ஜன்னல் பக்கமிருந்து கனகராஜ் திரும்பாமலே, "அக்கா சொன்ன மாதிரியே எழுதிக் குடுங்க சார், நான் வாங்கிக்கிறேன்" என்றான்.

கடிதம் அன்றைக்கே எழுதப்பட்டது. விவியன் திறந்தாள், லியோனார்ட் விசாரிக்கவில்லை, துளசி பார்க்காததை எழுதியது, கேட்டபின் உண்மையைச் சொன்னது. பழைய சூராட்டைக் கிழிக்கப் போன லியோனார்டிடமிருந்து புனிதா அதை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில், ஆறாம் வகுப்பில் கற்ற குண்டு குண்டுத் தமிழில், "நான் திறக்கவில்லை" என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனாள். இன்றைக்கும் அது சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது. விவியன் அந்த வாரம் முழுக்க மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழனியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டு, வண்டி லேட்டு என்று கோபித்துக்கொண்டாராம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. விவியன் பெயர் கூப்பிட்டாள். துளசி "ஹாடிர்" சொன்னது, இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் விவியன் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "கிளீ..." என்று தொடங்கினாள். புனிதா வாயைத் திறக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். விவியன் பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதிவிட்டு, "புனிதா" என்றாள்.

"இருக்கேன் மேடம்."

இரண்டு வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு இல்லத்தில் உழைக்கிற பொருள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது புனிதாவின் வேலை. துடைப்பம், வாளி, சக்கர நாற்காலிகள், சமையலறை அரிவாள்மனை, துணி துவைக்கிற மெஷின். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள். லியோனார்ட் அந்த வழியாகப் போனவர், துளசி வாடகைப் பொருள், அதில் குங்குமமெல்லாம் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கொஞ்சம் முறைப்பு மிச்சம் இருந்தது.

புனிதா துளசியின் முன்னால் வந்து நின்றாள். விரலில் சந்தனம் குழைந்திருந்தது. வாளிக்கு வைத்த மாதிரி சட்டென்று வைக்கக் கை வரவில்லை.

"துளசி, உனக்கு வைக்கவா?"

"வைக்கலாம், அக்கா. கேமராவை மட்டும் மறைக்காமல் வையுங்கள். பார்க்காமல் எழுதுவதை நிறுத்திவிட்டேன்."

மாவு பிசைந்துகொண்டிருந்த சமையல்காரி வீரம்மா கையை நிறுத்தினாள். வாளியைக் கேக்கல, துணி மெஷினைக் கேக்கல, இதை மட்டும் கேட்டுத்தான் வைப்பியா, அது என்ன உனக்கு நாத்தனாரா என்று சிரித்தாள். முதலாளித் தவுக்கே வேற வைக்காதேன்னு சொல்லிட்டுப் போறாரு என்றாள்.

"அவரு சொன்னது அவரு இஷ்டம். நான் கேட்டது இதை" என்றாள் புனிதா.

கேமராவுக்கு இரண்டு விரற்கடை மேலே சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தினாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "நகருடி" என்றாள்.